குழந்தையின் தலை வடிவம்: எது தானாகச் சரியாகும், எதற்கு வைத்தியம் வேண்டும்?

மண்சரிவு அபாயத்தால் லயங்களை விட்டு வெளியேறி, கினிகத்தேனைப் பகுதியில் ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் தங்கியிருந்த குடும்பங்களைச் சந்திக்க நாங்கள் சென்றிருந்தோம். மழை விட்டதும் எங்கே மரக்கறி போடலாம், விதை யாரிடம் கிடைக்கும் என்பதைப் பற்றிப் பேசுவதற்காகவே போனோம். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு இளம் தாய் தன் நாலு மாத மகனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சேர், இவன் தலை ஒரு பக்கம் சப்பையாப் போச்சுங்க. நான் சரியா உருட்டிக் குளிப்பாட்டலைன்னு மாமி ஏசுறாங்க. மூளைக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டார். கண்ணில் நீர் நின்றது. அதே அறையில் ஒரு பாட்டி தன் ஐந்து மாதப் பேத்தியை மடியில் வைத்திருந்தார். அந்தப் பிள்ளையின் நெற்றி அகன்று, தலை பெரிதாக இருந்தது. "எங்க பிள்ளைக்குப் பெரிய தலை. நல்லாப் படிப்பா" என்று அவர் பெருமையோடு சொன்னார்.

பயந்துகொண்டிருந்த தாய் பயப்படத் தேவையில்லை. பெருமைப்பட்ட பாட்டிதான் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. அன்று எங்களில் எவருக்கும் இது தெரியாது. மறுநாள் அங்கு வந்த மருத்துவிச்சிதான் இரு பிள்ளைகளின் தலையையும் அளந்து பார்த்து இதைச் சொன்னார். அன்றிலிருந்து தாய்மார் கூட்டங்களில் நாங்கள் பேசிவரும் விடயங்களையே இங்கு பாடமாக எழுதுகிறோம். அப்பாமாரும் பாட்டிமாரும் சேர்ந்து படிப்பது நல்லது. வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் அவர்களே.

தலை ஏன் வடிவம் மாறுகிறது?

பிறந்த பிள்ளையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல தட்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே மென்மையான பொருத்துகள் உண்டு. முன்பக்கத்தில் பல பொருத்துகள் சந்திக்கும் இடமே உச்சிக்குழி. பின்பக்கத்திலும் சிறிய குழி ஒன்று உண்டு. அது இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்னுச்சி பெரும்பாலும் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் மூடும். சில பிள்ளைகளுக்குச் சற்று முன்பின்னாகலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிறக்கும்போது எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொடுத்தால்தான் தலை வெளியே வரும். பிறந்த பின் மூளை மிக வேகமாக வளர்கிறது. ஒரு வயதுக்குள் அதன் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. மூளை உள்ளிருந்து தள்ளத் தள்ள, பொருத்துகளில் புதிய எலும்பு உருவாகி மண்டை விரிகிறது. அதாவது மண்டை தன்பாட்டில் வளர்வதில்லை, மூளை வளர்வதால் வளர்கிறது. இந்த ஒரு விடயத்தை மனதிற் கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்.

கொல்லையில் பூசணி போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிஞ்சு ஒரு கல்லில் சாய்ந்து வளர்ந்தால் அந்தப் பக்கம் சப்பையாகும். கல்லை எடுத்துவிட்டால் வளர வளர ஓரளவு உருண்டுவிடும். ஆனால் பிஞ்சைச் சுற்றி ஒரு கயிறு இறுகிக் கிடந்தால் கதை வேறு. கட்டுப்பட்ட பக்கம் விரியாது, காய் மற்றப் பக்கமாக நீண்டுவிடும். கயிற்றை அறுக்காமல் அது சரியாகாது. பிள்ளையின் தலையிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

பிறந்தவுடன் காணும் மாற்றம்

சுகப்பிரசவத்தில் பிறந்த பிள்ளையின் தலை நீண்டு, கூம்பாக இருப்பது வழமை. உச்சியில் வீக்கமும் இருக்கலாம். வடிவம் சில நாட்களில், அதிகம் போனால் ஒன்றிரண்டு வாரங்களில் தானாகச் சரியாகும். சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக உறிஞ்சும் கிண்ணம் வைத்துப் பிரசவம் பார்த்தவர்களுக்கு, ஒரு பக்க எலும்பின்மேல் இரத்தம் கட்டி உருண்டையாக வீங்கும். அது கரைய சில வாரங்கள், ஏன் இரண்டு மூன்று மாதங்கள்கூடப் பிடிக்கலாம். அதை ஊசியால் குத்தவோ, ஒத்தடம் கொடுத்து அமுக்கவோ கூடாது. பிள்ளையின் கண்ணும் தோலும் மஞ்சளாகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். கட்டிய இரத்தம் கரையும்போது மஞ்சள் கூடலாம். அப்படியானால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

குளிப்பாட்டும்போது தலையை உருட்டி, நெற்றியை அமுக்கி, மூக்கைப் பிடித்துவிடும் வழக்கத்தைப் பற்றிப் பாட்டிமார் எங்களோடு நிறையவே வாதாடியிருக்கிறார்கள். மெதுவாக எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. பிள்ளைக்குச் சுகம், பாட்டிக்கும் சந்தோசம். ஆனால் ஒரு நாளில் ஐந்து நிமிடம் கையால் உருட்டுவதால் தலை உருண்டையாவதில்லை. மீதி இருபத்து நாலு மணித்தியாலமும் பிள்ளை எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. அமுக்குவது மட்டும் வேண்டாம். அந்த இளம் தாய் ஏச்சு வாங்கியது நியாயமில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

தலை சப்பையாவது

மூன்று நாலு மாதப் பிள்ளைகளில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். பிள்ளை எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக் கிடப்பதால் பின்மண்டையில் அந்தப் பக்கம் சப்பையாகிறது. எப்போதும் நேராக மல்லாந்தே கிடந்தால் பின்பக்கம் முழுவதும் தட்டையாகும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் இரட்டையருக்கும் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியவர்களுக்கும் இது கூடுதலாக வரும்.

உலகம் முழுவதும் 1990களுக்குப் பின் இது அதிகமானதற்கு ஒரு காரணம் உண்டு. குப்புறப் படுத்துறங்கும் சிசுக்கள் தூக்கத்திலேயே திடீரென்று இறப்பது அதிகம் என்று கண்டறியப்பட்டது. 1992இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994இல் மல்லாந்து உறங்க வைக்கும்படி பெரிய பிரசாரம் அங்கே தொடங்கியது. அந்த இறப்புகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பக்கவிளைவாகச் சப்பைத் தலைகள் கூடின. தலை சப்பையாகாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையைக் குப்புறப் போட்டு உறங்க வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒருபோதும் கூடாது. உறங்கும்போது மல்லாந்தே உறங்கட்டும். விழித்திருக்கும்போதுதான் மாற்றங்களைச் செய்ய வேண்டும்.

முகாமிலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருக்கும்போது பிள்ளைக்கு இந்த மாற்றம் கிடைப்பதில்லை. தரையில் பாயை விரித்தால் ஈரம். அதனால் பிள்ளை பகல் முழுவதும் சேலைத் தொட்டிலில் கிடக்கிறது. தொட்டில் ஒரே திசையில் கட்டப்பட்டிருக்கும். வெளிச்சமும் கதவும் ஆட்கள் குரலும் ஒரே பக்கத்திலிருந்து வரும். பிள்ளை அந்தப் பக்கமே திரும்பிக் கிடக்கும். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை பிள்ளைக் காம்பராவிலும் இப்படியே கிடக்கலாம். அங்குள்ள ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

செய்ய வேண்டியது சுலபம். பிள்ளையின் தலைமாட்டையும் கால்மாட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் படுக்க வையுங்கள். வெளிச்சம் இப்போது மறுபக்கத்தில் இருப்பதால் பிள்ளை தானாகவே மறுபக்கம் திரும்பும். பால் கொடுக்கும்போதும் தோளில் போடும்போதும் பக்கம் மாற்றுங்கள். சப்பையில்லாத பக்கத்தில் நின்று கதை கொடுங்கள். விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம் போதும். பாய் ஈரமென்றால் உங்கள் நெஞ்சின்மேலோ மடியிலோ குப்புறப் போடலாம். நடமாடத் தொடங்காத பிள்ளைக்கு விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது 30 நிமிடம் குப்புறக் கிடக்கும் நேரம் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. ஒரே தடவையில் அல்ல, பல தடவையாகச் சேர்த்து 30 நிமிடம். கழுத்து ஒரு பக்கம் திரும்பவே மாட்டேன் என்றால் தசை இறுகியிருக்கலாம். வைத்தியசாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காட்டித் தரும் நீட்டும் பயிற்சியை வீட்டிலும் செய்தால் பெரும்பாலும் சில மாதங்களில் இளகிவிடும்.

கடுகுத் தலையணை, துணியைச் சுருட்டிய வளையம் போன்றவற்றை உறங்கும் சிசுவுக்கு வைக்க வேண்டாம். முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. ஒரு வயது வரை தலையணையே தேவையில்லை.

பணம் உள்ளவர்கள் நாடும் இன்னொரு வழி தலைக்கவசம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்துச் செய்து, நாளுக்கு 23 மணித்தியாலம் மாட்ட வேண்டும். விலையோ மிக அதிகம். நெதர்லாந்தில் ஐந்து ஆறு மாதப் பிள்ளைகள் 84 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு மாதம் கவசம் போட்டு, மற்றக் குழுவைச் சும்மா விட்டுப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. இரண்டு வயதில் முழுமையாகச் சரியானவர்கள் கவசம் போட்டவர்களில் 26 வீதம், போடாதவர்களில் 23 வீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கவசம் போட்ட பிள்ளைகளின் பெற்றோர் தோல் எரிச்சல், வியர்வை, நாற்றம் என்று முறையிட்டார்கள். மிகக் கடுமையான சப்பையுள்ள பிள்ளைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் சாதாரணச் சப்பைத் தலைக்குக் காதில் கிடக்கும் தோட்டை அடகு வைத்துக் கவசம் வாங்க வேண்டியதில்லை. பிள்ளை உட்காரத் தொடங்கியதும் தலையின்மேல் உள்ள அழுத்தம் குறைகிறது. கொஞ்சம் சப்பை மிஞ்சினாலும் முடி மறைத்துவிடும். இந்தச் சப்பை மூளையை அமுக்குவதில்லை.

கயிறு இறுகியது போல்

ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் தலையின் பொருத்து ஒன்று காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிவிடுகிறது. வைத்தியர்கள் இதைக் கிரேனியோசினொஸ்டோசிஸ் என்பார்கள். மூடிய பொருத்துக்குக் குறுக்கே மண்டை விரிய முடியாமல், மற்றத் திசையில் நீளும் என்ற விதியை 1851இல் ஜேர்மன் மருத்துவர் ருடொல்ஃப் வேர்ச்சோ எழுதினார். நடு உச்சியில் முன்பின்னாக ஓடும் பொருத்து மூடுவதே அதிகம். அப்போது தலை ஒடுங்கி, தோணிபோல் முன்னும் பின்னும் நீளும். நெற்றிப் பொருத்து மூடினால் நெற்றி முக்கோணமாகக் கூர்க்கும். ஒரு பக்கப் பொருத்து மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, கண் குழி மேலேறித் தெரியும்.

சாதாரணச் சப்பையிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? பிள்ளையை மடியில் உட்கார வைத்து, மேலிருந்து தலையைப் பாருங்கள். படுக்கையால் வந்த சப்பையானால், சப்பையான பக்கத்துக் காது முன்னால் தள்ளப்பட்டிருக்கும், அதே பக்க நெற்றியும் சற்று முன்னால் நிற்கும். ஒரு பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளிச் சரித்ததுபோலத் தெரியும். பிறந்தபோது உருண்டையாக இருந்து, பின்னர் சப்பையாகி, படுக்கையை மாற்றியபின் மெல்லத் தேறிவரும். பொருத்து மூடியதானால் வடிவம் பிறப்பிலேயே இருக்கும், மாதம் போகப் போக மோசமாகும். விரலால் தடவினால் பொருத்து ஓடும் வழியில் வரப்புப் போல் ஒரு மேடு தட்டுப்படலாம். இப்படிச் சந்தேகம் வந்தால் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். கிளினிக்கில் காட்டினால் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள்.

இதற்குச் சிகிச்சை சத்திரசிகிச்சைதான். மூடிய பொருத்தை வெட்டி நீக்கி மூளைக்கு இடம் கொடுக்கிறார்கள். சிறு துளைவழியே குழாய்க் கருவியால் செய்யும் முறையை அமெரிக்காவில் 1998இல் அறிமுகப்படுத்தினார்கள். அதை முதல் சில மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன். அதன்பின் சில மாதம் தலைக்கவசம் போட வேண்டும். கவசத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பெரிய அறுவையானால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் செய்வார்கள். எப்படியாயினும் பிள்ளைக்கு இரண்டு வயதான பின் போய் நிற்பதைவிட மூன்று மாதத்தில் போய் நிற்பது பல மடங்கு நல்லது.

இந்த வைத்தியத்தின் தொடக்கத்தில் ஒரு பெரும் பிழை நடந்தது. 1890இல் பாரிசில் லானலோங் என்ற சத்திரசிகிச்சையாளர் சிறுதலைப் பிள்ளைகளின் மண்டையை வெட்டித் திறக்கத் தொடங்கினார். எலும்பு மூடியதால்தான் மூளை வளரவில்லை, திறந்தால் வளரும் என்பது எண்ணம். பலரும் பின்பற்றினார்கள். பிள்ளைகள் பலர் இறந்தார்கள், பிழைத்தவர்களுக்கும் பயன் இல்லை. 1894இல் நியூயோர்க்கின் புகழ்பெற்ற குழந்தை வைத்தியர் ஏப்ரஹாம் ஜேக்கபி இதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு மூளை வளராததால் மண்டை வளரவில்லை. தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். இதனால் உண்மையில் பொருத்து மூடிய பிள்ளைகளுக்கான சத்திரசிகிச்சையும் பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது. பிரான்ஸ் நாட்டின் போல் டெசியே 1967இல் தன் முறைகளை வெளியிட்ட பின்பே மண்டையையும் முகத்தையும் சேர்த்துச் சீர்செய்யும் சத்திரசிகிச்சை தனித் துறையாக வளர்ந்தது.

சிறுதலைப் பிள்ளையை இன்றும் வெட்டித் திருத்த முடியாது. காரணங்களில் சிலவற்றைத் தடுக்க முடியும். கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா அவற்றில் ஒன்று. இலங்கையில் 1996இல் ருபெல்லா தடுப்பூசி தொடங்கியது.

தலையில் நீர் தேங்குவது

பாட்டி பெருமைப்பட்ட பிள்ளைக்கு இருந்தது இதுவே. மூளைக்குள்ளே தினமும் ஒரு தெளிந்த நீர் ஊறி, அறைகள் வழியாக ஓடி, மூளையைச் சுற்றி வந்து இரத்தத்தில் கலக்கிறது. வழியில் அடைப்பு ஏற்பட்டால், மடை அடைத்த வாய்க்கால்போல நீர் தேங்கி மூளையை உள்ளிருந்து நெருக்கும். மண்டை இன்னும் இளகியிருப்பதால் தலை பெருக்கிறது. ஹைட்ரோசெபலஸ் என்று வைத்தியர்கள் எழுதுவது இதைத்தான். பிறப்பிலேயே வரலாம், முதுகெலும்பு மூடாத குறையோடு சேர்ந்து வரலாம், குறைமாதப் பிள்ளைக்கு மூளையில் இரத்தம் கசிந்து வரலாம், மூளைக்காய்ச்சலின் பின்னும் வரலாம்.

அடையாளங்கள் இவை: தலை வேகமாகப் பெருப்பது, பிள்ளை அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து இறுகி நிற்பது, தலைத் தோலில் நரம்புகள் தடித்துத் தெரிவது, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது. இது மறையும் சூரியன்போல் இருக்கும். பால் குடிக்காமல் வாந்தி எடுப்பது, கீச்சென்று அழுவது, எப்போதும் தூங்கி வழிவது போன்றவை வந்தால் அன்றே கொண்டுபோக வேண்டும். உச்சிக்குழி மூடாதவரை அதன் வழியாகவே ஸ்கான் செய்து பார்க்கலாம். பிள்ளைக்கு வலியில்லை.

சிகிச்சை, தேங்கிய நீருக்கு வேறு வழி வெட்டுவது. மெல்லிய குழாய் ஒன்றை மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியால் வயிற்றுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். நடுவில் ஒரு வால்வு உண்டு. அதை ஷன்ட் என்பார்கள். இந்த வால்வின் கதை எங்களுக்குப் பிடித்தது. அமெரிக்காவில் ஜோன் ஹோல்டர் என்ற கருவித் தொழிலாளிக்கு 1955இல் பிறந்த மகனுக்கு இந்த நோய் இருந்தது. அவர் வைத்தியர் அல்ல. யூஜின் ஸ்பிட்ஸ் என்ற சத்திரசிகிச்சையாளர், ஒரு திசையில் மட்டும் நீரை விடும் நல்ல வால்வு இல்லாததே பிரச்சினை என்று விளக்கியதும், தன் வீட்டுப் பட்டறையில் சிலிக்கனில் அதைச் செய்துபார்த்தார். 1956இல் அது பிள்ளைகளுக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகள் இதனால் பிழைத்தார்கள்.

வெளிநாட்டு விலை கொடுக்க முடியாத நாடுகளுக்கு இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ஷாஜஹான்பூரில் செய்யப்படும் சாப்ரா ஷன்ட் கைகொடுத்தது. விலை உயர்ந்த அமெரிக்க ஷன்டையும் இதையும் உகண்டாவில் 195 பிள்ளைகளில் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மலிவான பொருள் தரக்குறைவானது என்று நினைத்துப் பிள்ளையின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

தாமதத்தின் விலை என்னவென்று வடகிழக்கு இந்தியாவில் 2011இல் பிறந்த ஒரு பெண் பிள்ளையின் படம் உலகத்துக்குக் காட்டியது. அவளின் தலைச் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். ஏழைப் பெற்றோருக்கு வழியில்லை. பத்திரிகையில் படம் வந்த பின் 2013இல் டில்லிக்கு அருகே ஒரு வைத்தியசாலையில் இலவசமாகப் பல சத்திரசிகிச்சைகள் செய்தார்கள். தலை 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்தது. ஆனால் 2017இல் அவள் இறந்துவிட்டாள். முதல் மாதங்களில் ஒரு நாடாவால் அளந்து உரிய இடத்துக்கு அனுப்பியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம்.

ஷன்ட் போட்டதோடு வேலை முடிவதில்லை. முதல் வருடத்துக்குள்ளேயே ஏறக்குறைய மூன்றில் ஒன்று அடைபடுகிறது அல்லது கிருமி தொற்றுகிறது. காய்ச்சல், வாந்தி, தூக்கக் கலக்கம், குழாய் ஓடும் வழியில் சிவப்பு, உச்சி மறுபடி புடைப்பது என்று எது வந்தாலும் உடனே போக வேண்டும். முகாமில் இருந்து பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

முதுகெலும்பு மூடாத குறையைப் பெருமளவு தடுக்க ஃபோலிக் அமிலம் உதவும். தாய்க்குக் கர்ப்பம் தெரிய வரும்போது அந்த முதுகெலும்பு ஏற்கனவே உருவாகிவிடுகிறது. ஆகவே கல்யாணம் முடிந்ததும், பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவிச்சியிடம் கேட்டு அந்த மாத்திரையைத் தொடங்குவதே சரி.

அளப்பது எப்படி?

இழுபடாத அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலாகவும், காதுகளுக்கு மேலாகவும், பின்மண்டையில் மிகவும் துருத்தும் இடத்தைச் சுற்றியும் எடுக்க வேண்டும். மூன்று தடவை அளந்து, வரும் மிகப் பெரிய அளவை எழுதுங்கள். சாதாரணமாகப் பிறக்கும்போது 34 அல்லது 35 சென்ரிமீற்றர் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நடுத்தர அளவு, ஆண் பிள்ளைக்கு மூன்று மாதத்தில் 40.5, ஆறு மாதத்தில் 43.3, ஒரு வயதில் 46.1. பெண் பிள்ளைக்கு 39.5, 42.2, 44.9. உங்கள் பிள்ளை இதற்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் கூடவோ குறையவோ இருக்கலாம். தகப்பனுக்குப் பெரிய தலையானால் பிள்ளைக்கும் இருக்கும். ஒரு நாள் அளவைவிடக் கோடு எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம். முதல் மூன்று மாதத்தில் மாதம் இரண்டு சென்ரிமீற்றர், அடுத்த மூன்று மாதத்தில் மாதம் ஒன்று, அதன்பின் மாதம் அரை என்பது பொதுக் கணக்கு. கோடு திடீரென்று மேலே தாவினாலும், ஏறாமல் நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும்.

அந்தப் பேத்தியின் தலை ஐந்தாம் மாதத்தில் 46.5 சென்ரிமீற்றர் இருந்தது. ஒரு வயதுப் பெண் பிள்ளைக்குக்கூட அது பெரிது. ஆனால் முன்னைய அளவுகள் எங்கே? கிளினிக் புத்தகம் வீட்டோடு மண்ணுக்குள் போய்விட்டது. இடம் மாறிய மூன்று மாதமாக எந்தக் கிளினிக்கிலும் பிள்ளையின் பெயர் இல்லை. பழைய இடத்து மருத்துவிச்சி இவர்கள் போய்விட்டார்கள் என்று நினைத்தார், புதிய இடத்தில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதே எவருக்கும் தெரியவில்லை. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்தவர்கள், 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் வீடிழந்தவர்கள், அண்மைய மண்சரிவுகளால் எழுந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், ரேஷன் புத்தகம் பற்றித்தான் முதற் கவலை. கிளினிக் புத்தகம் கடைசியாகவே நினைவுக்கு வருகிறது.

அது தொலைந்தால் வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கோ மருத்துவிச்சிக்கோ சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு நீல நிறத்திலும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பிலும் உள்ள அந்தப் பதிவேட்டை மீண்டும் திறப்பார்கள். பிள்ளை பிறந்த வைத்தியசாலையில் பிறப்பு எடையும் தலைச் சுற்றளவும் பதிவில் இருக்கும். பிறந்த திகதியையும் வாட்டின் பெயரையும் சொல்லிக் கேட்டு வாங்கலாம். எங்கள் பேத்திக்கு அப்படித்தான் பழைய பதிவில் 35 என்ற எண் கிடைத்தது. 35இலிருந்து ஐந்து மாதத்தில் 46.5. அந்த ஒரு கணக்கைப் பார்த்ததுமே வைத்தியர் கடிதம் எழுதிவிட்டார்.

கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டி வைத்தியசாலைக்கு பஸ்ஸில் போய்க் குழந்தை வைத்திய நிபுணரைக் காணலாம். மூளைச் சத்திரசிகிச்சை தேவையானால் கண்டிக்கோ, பேராதனைக்கோ, கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணமில்லை. பஸ் செலவும், கூட நிற்பவரின் சாப்பாடும், இழக்கும் நாட்கூலியும்தான் சுமை. இதைக் குடும்பத்தில் முதலே பேசி, யார் கூடப் போவது, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது. பாட்டி கூடப் போனதால்தான் எங்கள் தாய்க்கு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் நிற்க முடிந்தது. துண்டு, கடிதம், பழைய ஸ்கான் படம், எழுதிய அளவுகள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். மறுபடி எழுந்து ஓட வேண்டி வந்தாலும் அந்தப் பையைக் கையில் எடுக்கலாம்.

அந்தப் பேத்தி இப்போது உட்காருகிறாள். நடை தாமதமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டிக்குப் போய் வருகிறார்கள். சப்பைத் தலையென்று அழுத தாயின் மகன் தவழ்ந்து திரிகிறான். பின்பக்கம் கொஞ்சம் தட்டைதான். மாமியார் இன்னும் எண்ணெய் வைத்து உருட்டுகிறார்.